திரிந்த பாலும் தெளிந்த டீயும்

மூக்குக்கண்ணாடிக்கடைக்காரரின் தங்கை பார்த்தால் பால் திரிந்துவிடும். காய்ச்சிய பால், பச்சைப் பால் என்ற பேதம் கிடையாது. தூள் பால் டப்பாவுக்குள்ளேயே கட்டி தட்டிவிடும். கண்ணை மூடிக்கொண்டு குடித்த வயது போய் விழித்துப் பார்க்கிற வயது வந்ததிலிருந்தே அப்படித்தான். இதில் அந்தக் குடும்பத்தின் குறை எதுவும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடவேண்டும். நல்ல வீட்டுப் பெண்ணின் நேர்ப்பார்வையைத் தாங்கமுடியாதது பாலின் குறை.

அண்ணன் தன் தொழிலுக்குள் முடிந்ததையெல்லாம் செய்துபார்த்தார். கறுப்புக் கண்ணாடி போட்டுவிட்டதில் பால் திரியச் சற்றுத் தாமதமாயிற்று, அவ்வளவுதான். தூரப்பார்வைக் கண்ணாடி போட்டுவிட்ட அன்று வீட்டுப் பால் பிழைத்தது. எதிர்வரிசை மாடியில் ஒரு குழந்தையின் பால்புட்டி திரிந்தது. அத்தோடு விட்டுவிட்டு, வீட்டோடு ஒட்டிய கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கும் வேலையைத் தங்கைக்குக் கொடுத்தார். அவள் தேய்த்த லென்ஸைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. வெளியே போனால் தலை நிமிரக்கூடாது என்பது மட்டும் உத்தரவு. பால்காரர்களின் கேன்களைக் காப்பாற்றுவதற்காக அவள் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். இவ்வளவு அடக்கமான பெண்ணைப் பார்த்ததில்லை என்று தெரு மெச்சியது. குடும்பம் அந்தப் பாராட்டை மறுக்காமல் வாங்கி வைத்துக்கொண்டது.

வீட்டில் பால் இல்லை என்பது வேறு, பால் நிற்காது என்பது வேறு. இரண்டாவது வெளியே தெரிந்தால் தங்கையை ஒரு வாசலிலும் ஏற்றமாட்டார்கள். ஆகவே தங்கள் வீட்டில் பாலை மதிப்பதில்லை என்று அண்ணன் அறிவித்தார். "பால் கன்னுக்குட்டிக்கு சார், மனுசனுக்கு எலுமிச்சை" என்று, கண் பரிசோதனைக்கு வந்து தலையை அசைக்கமுடியாமல் உட்கார்ந்திருந்தவர்களிடம் எடுத்துச் சொன்னார். அறிவித்தால் மட்டும் போதுமா? சட்டதிட்டம் வேண்டும். தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் இறக்கிவிட்டுத்தான் தேயிலை. மூடி வைத்தபின் சும்மா சும்மா திறந்து பார்க்கக்கூடாது. சர்க்கரை கரைந்த பிறகே எலுமிச்சை. அடுப்பின் மேல் வைத்துப் பிழிந்தால் கசக்கும். கசக்காவிட்டாலும் கசந்ததாகவே கொள்ளவேண்டும். விதை மிதக்கும் டம்ளரை விருந்தாளியிடம் நீட்டுவது அவரை எழுந்து போகச் சொல்வதற்குச் சமம். சளிக்கு இஞ்சி, வெயிலுக்கு ஐஸும் புதினாவும், சண்டைக்கு வந்தவர்களுக்குத் தேன். சாறு விழுந்ததும் கருத்த டீ வெளுத்துத் தெளிகிற அந்தக் கணத்தில் எல்லாரும் பேச்சை நிறுத்தவேண்டும். இவ்வளவையும் அண்ணன் மானத்தைக் காப்பாற்ற அவசரமாகக் கட்டினார். ஆனால் டீ அபாரமாக அமைந்துவிட்டது. தங்கை எத்தனை உற்றுப் பார்த்தாலும் அது கலங்கவும் இல்லை. சில வருடங்களில் தெருவே எலுமிச்சைக்கு மாறியது. பால் டீ குடிக்கிறவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு குடித்தார்கள். சின்ன வயதில் ஏடு மிதக்கும் பால் டீக்காகத் தரையில் புரண்டு அழுதவர் இந்த அண்ணன் என்பது அண்ணிக்கு மட்டும் தெரியும். அண்ணி அதை யாரிடமும் சொன்னதில்லை.

அப்போதுதான் தெருக்கோடியில் பாலாடைக்கட்டிப் பட்டறை வந்தது. அதன் முதலாளி மனைவியை இழந்தவர். எல்லாரும் அவரைக் கட்டிக்காரர் என்றார்கள். கட்டி செய்யப் பாலைத் திரிக்கவேண்டும், திரிக்க எலுமிச்சை வேண்டும். மனிதர் விடியுமுன்பே சந்தைக்குப் போய், இருக்கிற பழத்தையெல்லாம் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார். கண்ணாடிக்கடை வீட்டில் பிழிந்த தோலை மறுபடி பிழிகிற நிலைமை வந்தது. எலுமிச்சை இல்லாமல் வெறும் டீ ஒரு டம்ளர் வெளியே போனால், பால் ஏன் ஊற்றவில்லை என்ற கேள்வி உள்ளே வரும். அண்ணன் பட்டறைக்கே போய் நின்று கத்தினார்.

"ஒரு பழம்கூட மிச்சம் வைக்காம அள்ளிட்டுப் போறீங்களே, தெருவுல மனுசங்க இருக்கிறது கண்ணுக்குத் தெரியலையா? தெரியலைன்னா கடைக்கு வாங்க, நல்ல கண்ணாடியா போட்டு விடறேன்."

கட்டிக்காரர் பதறிப்போனார். மறுநாள் காலையில் மன்னிப்புக் கேட்க வீட்டுக்கே வந்தார், கையில் ஒரு கேன் பாலோடு. எலுமிச்சை இல்லாத வீட்டுக்குப் பால் உதவும் என்பது அந்த அப்பாவியின் எண்ணம்.

கேனைப் பார்த்ததும் அண்ணி இடுப்பிலிருந்த துண்டை உருவி அதன்மேல் போட்டார். பின்னறை வாசலில் தங்கை லென்ஸும் கையுமாக நின்றாள். "உள்ள போம்மா" என்றார் அண்ணன். ஆனால் தன் பாலைத் துணி போட்டு மறைத்ததில் கட்டிக்காரருக்கு மனத்தாங்கல். துண்டை எடுத்துவிட்டு மூடியையும் திறந்தார்.

"இப்பத்தான் கறந்தது. நீங்களே வந்து பாருங்கம்மா."

பிறந்ததிலிருந்து அவளிடம் யாரும் எதையும் பாருங்கள் என்று சொன்னதில்லை. அவள் வந்து பார்த்தாள்.

பால் சத்தமில்லாமல் பிரிந்தது. மேலே வெள்ளைப் பஞ்சாகத் திரண்டு நின்றது. கீழே கண்ணாடிபோல் தெளிந்த நீர்.

"பால் சரியில்ல போலிருக்கு" என்றார் அண்ணன்.

கட்டிக்காரர் விரலால் வழித்து வாயில் வைத்தார். "என் பால்ல குறை இல்ல சார். இதுல சொட்டுப் புளிப்பு கிடையாது. எலுமிச்சை ஊத்தினா இந்தப் பதம் வராது. என்ன போட்டீங்கம்மா?"

"அவ ஒண்ணும் போடல. எங்க வம்சத்துல யாரும் பாலைத் தொட்டதே கிடையாது."

"பார்த்தேன்" என்றாள் தங்கை. "நான் பார்த்தா திரிஞ்சிரும். எப்பவும் அப்படித்தான்."

அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "மானம் போச்சு" என்றார்.

"உங்க மானத்துக்காகத்தானே அண்ணா இத்தனை வருசமா செருப்பையே பார்த்துக்கிட்டு நடந்தேன். தேயத் தேய புதுச் செருப்பு வாங்கித் தர்றீங்க, தலையை மட்டும் நிமிர விடமாட்டேங்கறீங்க."

கட்டிக்காரரின் காதில் இதெல்லாம் விழவில்லை. "நாளைக்குப் பட்டறைக்கு வந்து ஒரு தடவை பார்த்துட்டுப் போவீங்களா?" என்றார்.

"எங்க வீட்டுப் பொண்ணு கூலிக்குப் பால் பார்க்க வரமாட்டா!"

"கூலிக்கு யாரு போறா? பங்குக்குப் போறேன்" என்றாள் தங்கை.

அண்ணி வாய்விட்டுச் சிரித்து, டீ போட எழுந்தார். எலுமிச்சை இல்லாதது நினைவுக்கு வந்து நின்றார். "பட்டறையில மூட்டை மூட்டையா கிடக்கு, இனிமே எனக்கு எதுக்குங்க?" என்று கட்டிக்காரர் ஓடினார். அன்று எல்லாச் சட்டதிட்டங்களோடும் டீ போடப்பட்டது. டீ தெளிகிற கணத்தில் அவர் தாமாகவே பேச்சை நிறுத்தியதை அண்ணன் கவனித்துக்கொண்டார்.

அதன்பிறகு தங்கை தலை நிமிர்ந்து பட்டறைக்குப் போனாள். மழைக்குக் குடை எடுப்பதுபோல, அவள் போகிற நேரத்தில் பால்காரர்கள் கேனின்மேல் சாக்கைப் போட்டுக்கொண்டார்கள். அவள் தொட்டிகளை வரிசையாகப் பார்த்துக்கொண்டு போனால் காலை வேலை முடிந்தது. சந்தையில் எலுமிச்சை மறுபடி குவிந்தது. அந்தக் கட்டிக்கு வெளியூரிலிருந்தெல்லாம் ஆள் வந்தது. மானம் போகவில்லை, பார்வைக்கு மவுசு உள்ள குடும்பம் என்ற பெயர்தான் கூடியது. பிறகு தங்கையும் கட்டிக்காரரும் கல்யாணம் செய்துகொண்டார்கள். ஆரம்பத்திலிருந்தே அது தன் ஏற்பாடுதான் என்று அண்ணன் சொன்னார். யாரும் மறுக்கவில்லை.

தங்கை புருஷன் வீட்டுக்குப் போன மறுநாள் காலை, அண்ணி ஏடு மிதக்கும் பால் டீயை அண்ணன் முன்னால் வைத்தார். பால் திரியாமல் நின்றது. அண்ணன் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வாய் குடித்தார். பின்னறையில் லென்ஸ் தேய்க்கும் சத்தம் இல்லை. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு, ஓர் எலுமிச்சம்பழத்தை நறுக்கி, விதை விழாமல் டம்ளருக்குள் பிழிந்தார். டீ திரிதிரியாகப் பிரிந்தது.

"இப்பத்தான் நம்ம வீடு மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டு, மிச்சம் வைக்காமல் குடித்தார்.

மறுநாளிலிருந்து அண்ணி அந்த டம்ளரோடு ஒரு ஸ்பூனும் வைத்தார்.