கறுப்பு ஓடு

தட்டில் கல் இல்லை. ஆராய்ச்சிக்கூடத்து அலமாரியையே கலைத்துப் போட்டுத் தேடியவளுக்கு, அது வரவேற்பறை மேஜையில் வெல்வெட் துணிமேல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் தூக்கிவாரிப் போட்டது. பச்சைப் பசேலென்று மின்னியது. சுற்றியிருந்த கறுப்பு ஓட்டைக் காணோம்.

"யார் இதைச் சுரண்டினது?"

"நான்தான் பட்டறையில குடுத்துத் தேய்க்கச் சொன்னேன்" என்றார் இயக்குநர். இங்கே சார், வீட்டில் மாமனார். "சாயங்காலம் விருந்தாளிக்குப் பரிசா குடுக்கணும். அழுக்கோடவா குடுக்கிறது?"

அழுக்காம்! அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பூமியின் மேலோட்டுக்கு அடியில், எந்தத் துளைக் கருவியும் எட்டாத கவசம் என்ற அடுக்கின் பாறை அது. எரிமலைக் குழம்பு ஏறி வரும்போது பிய்த்து எடுத்து வந்த துண்டு. நடுவிலிருக்கும் பச்சை, அந்த ஆழத்தில் என்ன இருக்கிறதென்று சொல்லும். ஆனால் எத்தனை நாளில் மேலே வந்தது என்பதை, குழம்பு உறைந்து ஒட்டிய கறுப்பும் அதன் சூடு பட்டு மாறிய விளிம்பும்தான் சொல்லும். அவள் சேர்த்த மற்ற கற்களெல்லாம் விளிம்பு உதிர்ந்தவை. ஓடு முழுசாக இருந்தது இது ஒன்றில்தான். அவளுடைய ஆய்வே அதை நம்பித்தான் இருந்தது. மாமனாரோ ஆயுசு முழுக்க ரத்தினக்கல் பார்த்தவர். மேல் கல்லை வெட்டி எறிந்து உள்ளே பளபளப்பதை எடுப்பதுதான் அவருக்குத் தெரிந்த தொழில்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா."

"சாப்பாட்டு மேஜையில எத்தனை தடவை சொன்னேன் மாமா? 'நல்ல பச்சை'ன்னுதானே சொன்னீங்க?"

"ஒரு கல்லுக்குப் போய் இந்தக் குதி குதிக்கிறியே. உனக்குப் பேர் வரட்டும்னுதான் செஞ்சேன். மேடையில நீயே நாலு வார்த்தை பேசிக் குடு."

பட்டறைக்கு ஓடினாள். தேய்த்த தூள் சேறாகிச் சாக்கடையில் போயிருந்தது. ஒரு சில்லுகூட மிஞ்சவில்லை. பாவி மனுஷன், கேட்டுவிட்டுத் தேய்த்திருக்கக் கூடாதா?

சாயங்காலம் மேடையில் ஏறினாள். கல்லை உயர்த்திக் காட்டினாள்.

"இது பூமியோட ஆழத்துலேருந்து வந்த கல். எத்தனை நாள்ல வந்துதுன்னு நேத்து வரைக்கும் இதுகிட்ட கேட்டிருக்கலாம். இனிமே முடியாது. அந்தப் பதிலை எங்க மாமனார் அழுக்குன்னு தேய்ச்சு எடுத்துட்டார்."

மாமனார் முகத்தில் ஈயாடவில்லை. விருந்தாளி கல்லை வாங்கி விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அதனால என்னம்மா, இப்பதான் பார்க்க லட்சணமா இருக்கு."

முதலில் கைதட்டியது மாமனார்தான்.