கிழிபட்ட எட்டாம் பக்கம்

புதிதாக வந்த வெள்ளைக்கார துரைக்கு இந்த நாட்டு மரியாதைகளை எழுதிக் கொடு என்று கப்பல் கம்பெனியில் உத்தரவு. ராயபுரம் குப்பத்தில் பிறந்த கிளார்க் தாமோதரன் எட்டுப் பக்கம் டைப் அடித்தான். இடது கையால் எதையும் நீட்டாதீர்கள். கொடுத்த காபியை ஒரு வாயாவது குடியுங்கள். வியாபாரியிடம் எடுத்த எடுப்பில் விலை பேசாதீர்கள். கிளம்பும்போது 'போறேன்' என்று சொல்லாதீர்கள், 'போய் வருகிறேன்' என்று சொல்லுங்கள். எட்டாம் பக்கம் சாவு வீட்டைப் பற்றியது. அங்கே வாய்தவறியும் 'போய் வருகிறேன்' என்று சொல்லக் கூடாது, சொல்லிக்கொள்ளாமல் எழுந்து வர வேண்டும்.

ஹெட்கிளார்க் சுப்புராஜ் அந்தப் பக்கத்தைக் கிழித்துக் கூடையில் போட்டார். "கூலிக்காரன் எழவுக்கு துரை போவாராய்யா?" கிரேன் கயிறு நைந்துவிட்டது என்று தாமோதரன் போன மாதம் டைப் அடித்துக் கொடுத்த காகிதமும் அதே கூடைக்குத்தான் போனது. கிழிப்பதற்கென்றே சம்பளம் வாங்குகிற பெரிய மனுஷன்.

பத்தாம் நாள் கயிறு அறுந்து, மூட்டைகளுக்கு அடியில் தாமோதரனின் குப்பத்துக் கூலிக்காரன் ரகுபதி செத்தான். அறுந்த கயிற்றை முடிச்சுப் போட்டு அன்று சாயங்காலமே வேலையைத் தொடங்கிவிட்டார்கள்.

மறுநாள் தாமோதரனையும் சுப்புராஜையும் கூட்டிக்கொண்டு துரை துக்கம் கேட்க வந்தார். நல்ல மனுஷர்தான், அதுதான் வயிற்றெரிச்சல். பூட்ஸைக் கழற்றினார், தரையில் உட்கார்ந்தார். எழுந்தபோது கைகூப்பி, மனப்பாடம் செய்த தமிழில் தெளிவாகச் சொன்னார்.

"போய் வருகிறேன்."

ஒப்பாரி நின்றது.

ரகுபதியின் பெண்சாதி கோவிந்தம்மா தலையைத் தூக்கினாள். அவள் மகன் மனோகரனுக்கும் அதே கிரேனடியில்தான் வேலை.

"மறுக்கா வர்றேன்றாரே, இன்னா தாமு இது? அப்ப அந்தக் கயித்த இன்னும் மாத்தலியா? அட்த்து எம் புள்ள எழவுக்கா வரப் போறாரு?"

துரை தாமோதரனைப் பார்த்தார். "என்ன சொல்கிறார்கள்?"

"வந்ததுக்கு நன்றி சொல்றாள்னு சொல்லுய்யா," சுப்புராஜ் காதைக் கடித்தார். "வேலை போயிடும்."

தாமோதரன் அவள் சொன்னதை அப்படியே இங்கிலீஷில் சொன்னான். முடிச்சுப் போட்ட கயிறு, கிழித்துப் போட்ட இரண்டு காகிதம், கூடை, எல்லாவற்றையும் சேர்த்தே சொன்னான். துரை சுப்புராஜைப் பார்த்தார். சுப்புராஜ் தரையைப் பார்த்தார். துரை இந்தத் தடவை ஒன்றும் சொல்லாமல் வெளியே போனார்.

மறுநாள் கயிற்றை மாற்றினார்கள். டைப் அடிக்கிற ஆளையும் மாற்றினார்கள். இரண்டு உத்தரவிலும் அந்த நல்ல மனுஷரின் கையெழுத்து இருந்தது.

தாமோதரன் சட்டைப் பையில் பேனாவைச் செருகிக்கொண்டு சுப்புராஜின் மேஜைக்கு முன்னால் வந்து நின்றான்.

"போறேன்," என்றான்.