கையில் ஒரு புளியங்கொட்டை

வளைவில் அவள் வருகிறாள், முழங்கால் வரை செம்மண், என் வலக்கை மேலே தூக்கியிருக்கிறது, இடக்கைக்குள் ஒரே ஒரு புளியங்கொட்டை, அப்படியென்றால் இன்னும் ஒரு சுற்றுதான், பத்தாயிரம் மீட்டருக்கு இருபத்தைந்து சுற்று, சுற்றுக்கொன்றாகக் கொட்டையைக் கீழே போடுவது என் வேலை, செண்பகவல்லி நடுவரின் பலகையைப் பார்க்கவே மாட்டாள், ஓடும்போது எண்ணினால் கால் கனக்கும் என்பாள், நான் கை தூக்கினால்தான் அவளுக்குக் கடைசிச் சுற்று, விடுதியில் ஒரே அறை, எண்ணுவது நான், ஓடுவது அவள். அன்றும் என் கையைப் பார்த்ததும் மிச்சம் வைத்திருந்த மூச்சையெல்லாம் கொட்டி ஓடினாள், முதலாவதாகக் கோட்டில் விழுந்தாள், நடுவர் குனிந்து ஒரு விரலைக் காட்டினார், இன்னும் ஒரு சுற்று பாக்கி, வியர்த்த என் கையிலிருந்து எப்போதோ இரண்டு கொட்டைகள் சேர்ந்து நழுவியிருக்கின்றன, அவள் எழுந்து ஓடினாள், நான்கு பேர் தாண்டிப் போனதாகப் பிறகு சொன்னார்கள், தேசியப் போட்டிக்கான இடம் அதோடு போயிற்று, நான் பார்க்கவில்லை, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்து அழுதுகொண்டிருக்கிறேன், எங்கள் பயிற்சியாளர் அற்புதம் மிஸ் கத்துவது கேட்கிறது, செண்பா சொல்வதும் கேட்கிறது, நாந்தான் மிஸ் தப்பா எண்ணிட்டேன்.

பிறகு விமானப்படை, பிறகு விண்வெளி, புறப்படுவதற்கு முன் போனில் சிரித்தாள், ஏட்டி, மேல சுத்து எண்ண கம்ப்யூட்டர் இருக்கு, உன் புளியங்கொட்டைக்கு வேலையில்ல, நானும் சிரித்தேன், மன்னிப்புக் கேட்க வாயெடுத்து, திரும்பி வரட்டும் என்று விட்டுவிட்டேன், என்னைப் போல மடச்சி உண்டா, தரையிறங்க ஏழு நிமிடம் இருக்கும்போது கலம் எரிந்து போயிற்று. மறுநாள் பத்திரிகைகள் பாசத்தோடுதான் எழுதின, சுற்றை எண்ணத் தெரியாமல் தோற்ற பெண் விண்வெளிக்குப் போனாள் என்று, என் தப்பு அவள் பெயரில் அச்சாகியிருந்தது, அவளே இல்லாதபோது அதை யார் மாற்றுவது.

நேற்று நாங்கள் படித்த கல்லூரியில் அஞ்சலிக் கூட்டம், தோழி என்று என்னை மேடையேற்றினார்கள், எழுதிக்கொண்டு போனதை மடித்து வைத்துவிட்டு மைக்கில் சொன்னேன், செண்பா தப்பா எண்ணல, எண்ணினது நான், அவ என்னயக் காப்பாத்துனா. கீழே இறங்கியதும் அற்புதம் மிஸ், இப்போது கைத்தடியோடு, என் மணிக்கட்டைப் பிடித்தார், எனக்கு அன்னைக்கே தெரியும்ட்டீ, கடைசிச் சுத்து பூரா அவ அந்த வளைவத்தான் பாத்துட்டே ஓடுனா, நீ அங்க இல்ல.

நான் அங்கே இல்லை. இத்தனை வருடம் கொட்டை நழுவியதற்காக அழுதிருக்கிறேன், இதற்காக அழவில்லை. எல்லோரும் டீ குடிக்கப் போனபின் மைதானத்தில் இறங்கினேன், தடத்தில் யாரும் இல்லை, அதே வளைவில் நின்று கையைத் தூக்குகிறேன், தோள் வலிக்கிறது, இறக்கவில்லை, ஒரு சுற்று முழுதும் நிற்க வேண்டும், வளைவில் அவள் வருகிறாள்.