ஸஹ்ரானின் பாதி

...நூற்றுப் பன்னிரண்டு, அவன் பக்கம் மட்டும் நூற்றுப் பன்னிரண்டு முட்டை, என் பக்கம் எண்பதைத் தாண்டவில்லை, நடுவே கல் வரிசை அடுக்கியதே நான்தான், நல்ல பாதியை எனக்கென்று எடுத்துக்கொண்டதும் நான்தான், அப்படியும் இந்த ஆலாப் பறவைகள் அவன் பக்கமே போய் உட்காருகின்றன, பறவைக்குக்கூட ஸஹ்ரானைத்தான் பிடிக்கும் போல... சித்தப்பா மகன், என்னைவிட நான்கு வயது சின்னவன், ஆளில்லாத இந்தத் தீவில் கோடை முடியும்வரை நாங்கள் இருவர்தான் முட்டைகளுக்குக் காவல். நாளை அதிகாரி வந்து எண்ணுவார், யார் பாதியில் அதிகமோ அவனுக்கு நிரந்தர வேலை, மற்றவன் பழையபடி மீன்வலையைத் தூக்க வேண்டியதுதான். ஊரிலிருந்து கிளம்பும்போதே ரயா தீர்ப்புச் சொல்லிவிட்டாள். "ஸஹ்ரானைப் பாருங்க, எப்பவும் சிரிச்ச முகம். உங்க மூஞ்சி புளிச்ச மோரு." கட்டிய பெண்டாட்டி சொல்கிற பேச்சா இது? எனக்கு வயிறு எரிகிறது, எரியத்தான் செய்யும்... நண்பகல் லுஹர் தொழுதுவிட்டு அவன் படகு நிழலில் தூங்குகிறான். இந்த நேரத்தில் பறவைக் கூட்டத்துக்குள் கால் வைக்கக்கூடாது என்பது எங்கள் ஊர்க் குழந்தைக்கும் தெரியும், தாய்ப்பறவை எழுந்துவிட்டால் வெயிலில் முட்டை வெந்துவிடும். நான் எதையும் உடைக்க வேண்டாம், சும்மா நின்றால் போதும். நிற்பது ஒரு குற்றமா? கல் வரிசையைத் தாண்டினேன்.

எல்லாம் ஒன்றாக எழுந்தன, அவன் பக்கம், என் பக்கம், தீவே எழுந்த மாதிரி, அட, கல் வரிசை எனக்குத்தானே, அவற்றுக்கு என்ன தெரியும்... குனிந்து ஒரு முட்டையைத் தொட்டேன், சுட்டது. போய்விடு என்றது ஒரு மனது, இன்னும் கொஞ்சம் நில் என்றது இன்னொன்று, கால் நகரவில்லை. ஸஹ்ரான் தலைத்துணியை அவிழ்த்துக்கொண்டே ஓடி வந்தான். "அண்ணே, வழி தப்பி உள்ள மாட்டிக்கிட்டீங்களா? இதைத் தலையில போட்டுக்குங்க, கொத்திடும். குனிஞ்சு மெதுவா வாங்க." வந்தேன். பறவைகள் இறங்கின, சில இடங்களில் இறங்கவில்லை. படகடியில் காப்பி ஊற்றித் தந்தான், பேரீச்சம்பழத்தையும் என் பக்கம் தள்ளினான். உன் பாதியில் எத்தனை இருந்தது என்று கேட்டேன், கேட்காமல் இருக்க முடியவில்லை. "யாருண்ணே எண்ணினா? நாளைக்கு அவரே எண்ணிக்குவாரு." இருபது நாளாக இரண்டு வேளையும் இரண்டு பக்கமும் எண்ணியிருக்கிறேன் நான், இவன் ஒரு தடவைகூட என் பக்கம் திரும்பிப் பார்த்ததில்லை... என்னிடம் அவன் பொறாமைப்பட ஒன்றுமே இல்லையா?