பின்னால் நீளும் கை

அப்பா பல்லால் வயரைக் கடித்து அதன் மேல்தோலை உரித்துக்கொண்டிருந்தார். நாற்பது வருடம் நூலைக் கடித்த பல். தையல் கடைக்கு வந்து கூப்பிட்டால்கூட, கையில் இருக்கும் தையலை முடித்துவிட்டுத்தான் நிமிர்வார். இப்போதும் கொட்டகை வாசலில் மகள் வந்து நின்றதைக் கவனித்த மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை.

உள்ளே அம்மாவுக்கு உயிர் ஊசலாடிக்கொண்டிருந்தது. இன்றோ நாளையோ என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். இந்த நேரத்தில் இந்த மனுஷனுக்குப் பழைய பைக்குக்குப் புது எல்இடி இண்டிகேட்டர் கேட்கிறதா என்று மகளுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது.

"அப்பா, அம்மா பக்கத்துல வந்து உக்காருங்க."

"எரிய மாட்டேங்குதும்மா," என்றார் அவர், அதுதான் பதில் என்பதுபோல.

அந்த வண்டியில் இண்டிகேட்டர் எரிந்து அவள் பார்த்ததே இல்லை. அம்மாதான் இண்டிகேட்டர். பின்னால் உட்கார்ந்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு சாலையைப் பார்த்து, திரும்ப வேண்டிய பக்கம் கையை நீட்டுவாள். இன்னொரு கையால் அப்பாவின் தோளை ஒரு அழுத்து அழுத்துவாள். அழுத்தினால்தான் வண்டி திரும்பும். டெய்லர் வண்டிக்குக் கை முளைத்திருக்கிறது என்று தெருவே சிரிக்கும்.

உள்ளே போனதும் அம்மா கண்ணைத் திறந்தாள்.

"எரிஞ்சுதா?"

"நீங்களுமாம்மா?"

"நான்தான் மாட்டச் சொன்னேன்." மூச்சு வாங்க, விட்டு விட்டுப் பேசினாள். "நான் போயிட்டா யாரு கை காட்டுவா? எவனாவது பின்னாடி வந்து இடிச்சுட்டுப் போவான். அதோட, இங்க உக்காந்தா உங்கப்பா அழுதுட்டே இருக்காரு. பாக்க முடியல."

மகள் கொட்டகைக்குத் திரும்பிப் போய் அப்பாவின் எதிரில் குத்தவைத்து உட்கார்ந்தாள். செல்போன் ரிப்பேர் கடையில் வேலை பார்க்கிறவளுக்குப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. வண்டியில் கறுப்பு வயரில்தான் கரண்ட் வந்தது. புது விளக்கிலோ கறுப்பு, எர்த்துக்குப் போக வேண்டிய வயர். அப்பா நான்கு விளக்கிலும் கறுப்போடு கறுப்பைச் சேர்த்து முடிச்சுப் போட்டிருந்தார். பழைய பல்பு என்றால் எப்படிக் கொடுத்தாலும் எரியும். இது தலைகீழாகக் கொடுத்தால் எரியாது.

"நிறத்தைப் பாத்தா சேத்தீங்க?"

"கறுப்புத் துணிக்குக் கறுப்பு நூல்தானேம்மா போடணும்?"

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அவர் போட்ட முடிச்சு எதையும் அவிழ்க்க முடியவில்லை. வெட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. அவள் வயர்களை மாற்றிப் பிடிக்க, அவர் டேப் சுற்றினார். விளக்கோடு வாங்கி வந்திருந்த, அதை மினுக்க வைக்கும் புது ரிலேயையும் பொருத்தினார்கள்.

வண்டியை இருவரும் அம்மாவின் ஜன்னலுக்கு வெளியே தள்ளி வந்தார்கள். உள்ளே துணைக்கு இருந்த சித்தி அம்மாவின் தலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். அப்பா சுவிட்சைத் தள்ளினார். இடது பக்கம் மினுக் மினுக்கென்று எரிந்தது.

"வலது?" என்றாள் அம்மா.

வலதும் எரிந்தது. ஒரு பரீட்சைப் பேப்பரைத் திருத்துகிறவள்போல வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரி," என்றாள்.

அன்று பொழுது சாயும்போது போய்விட்டாள்.

எல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிய பிறகு, மிச்ச மருந்துகளைக் கடையில் திருப்பிக் கொடுக்க அப்பா வண்டியை எடுத்தார். மகள் பின்னால் ஏறிக்கொண்டாள். அம்மாவின் இடம் அது. நடுவில் உட்காரக் கூச்சமாக இருந்தது. பின்னால் தள்ளியே உட்கார்ந்தாள்.

முச்சந்தி வந்தது. அப்பா மறக்காமல் வலது பக்க இண்டிகேட்டரைப் போட்டார். அவள் குனிந்து பார்த்தாள், ஒழுங்காக எரிந்தது. எதிரே வண்டி எதுவும் இல்லை. ஆனாலும் அப்பா திரும்பவில்லை. ஒரு காலை ஊன்றி நின்றுகொண்டிருந்தார். பின்னால் ஒரு வேன்காரன் ஹாரன் அடித்தான். அப்போதும் நகரவில்லை.

என்னாயிற்று என்று கேட்க வாயெடுத்தவள், அவர் தோளைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். வலது கையை நன்றாக வெளியே நீட்டினாள். இடது கையால் அவர் தோளை அழுத்தினாள்.

வண்டி திரும்பியது. மருந்துக்கடை வாசல்வரை அந்த விளக்கு மினுக்கிக்கொண்டே போனது. அணைக்க வேண்டும் என்று இருவருக்கும் தோன்றவில்லை.