தொடர்புகொள்ள இயலவில்லை

"நாடிய இங்க வைங்க மேடம்" என்றாள் காமினி.

மேடமாம்! போன வருடம் வரை போனில் "அக்கா, அக்கா" என்று உருகியவள். டோரதி கண் பார்க்கும் இயந்திரத்தின் மேல் நாடியை வைத்தாள். கண்ணாடி வாங்கும் எண்ணமே அவளுக்கு இல்லை. பையில் ஒரு படிவமும் ஒரு பேனாவும் எடுத்துக்கொண்டு, ஒரு கையெழுத்துக்காகத்தான் சூலியா தெருவுக்கு வந்திருந்தாள். ஆனால் அவசரத்தில் தான் வேலை பார்க்கும் அமைப்பின் அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்ற மறந்து, காமினி வேலை பார்க்கும் கண்ணாடிக் கடைக்குள் நுழைந்துவிட்டாள். அதைக் கண்டதும் காமினியின் முகம் வெளிறிய வெளிறல் இருக்கிறதே, அப்பப்பா! டோரதி வாய் திறப்பதற்குள் "கண் டெஸ்டா மேடம், வாங்க வாங்க" என்று இழுக்காத குறையாக உட்கார வைத்துவிட்டாள். அட்டை அவசரமாகப் பைக்குள் போனது.

டோரதியின் வேலை அப்படி. வழக்கில் மாட்டிச் சீர்திருத்தப் பள்ளிக்குப் போய்த் திரும்பும் பெண் பிள்ளைகளுக்கு அவளுடைய அமைப்பு விடுதி வைத்து, தொழில் வகுப்பு நடத்துகிறது. வகுப்பு முடிந்து ஒரு வருடம் கழித்து ஒவ்வொருத்தியையும் தேடிப் பிடித்து, படிவத்தில் மூன்று கட்டங்களில் ஒன்றில் அவள் குறியிட வேண்டும். வெற்றி, தோல்வி, தொடர்புகொள்ள இயலவில்லை. வெற்றி என்று போட முதலாளியின் கையெழுத்து வேண்டும். மூன்றாவது கட்டம் பேருக்குத்தான் தனி, கடைசியில் அதுவும் தோல்வியோடுதான் சேரும். இந்த முறை பன்னிரண்டு பேரில் ஆறு பேர் தேறியாயிற்று. ஏழு இருந்தால்தான் அடுத்த வருடம் வகுப்பு உண்டு.

"வெள்ளிக்கிழமைதான் கடைசி. அந்தக் காமினிய எங்கயாச்சும் புடிச்சிரு டோரதி. ஒரு சைன் போதும்லா" என்று அலுவலகத் தலைவி ரமணி காலையில்தான் விரட்டியிருந்தாள். காமினி போன் நம்பரை மாற்றிவிட்டிருந்தாள். தாசேக் கெலுகோரில் இருக்கும் அவளுடைய சித்தி ஆயிரம் கெஞ்சலுக்குப் பிறகு கடையின் பெயரைச் சொன்னார். சொல்லிவிட்டு, "அவ நல்லா இருக்கா, விட்டுருங்களேன்" என்றார். அந்த வார்த்தை டோரதிக்குச் சுருக்கென்று தைத்தது. நல்லது செய்யத்தானே அலைகிறோம், என்னமோ கடன்காரி மாதிரி பேசுகிறார்களே என்று தீவுக்குப் போகும் பாலம் தாண்டும் வரை மனம் ஆறவில்லை.

இயந்திரத்துக்குள் ஒரு நீண்ட சாலை, அதன் கோடியில் ஒரு வண்ணப் பலூன்.

"பலூன் தெரியுதா?"

"மங்கலா தெரியுது."

"அதையே பாருங்க, அசையாதீங்க." காமினியின் குரல் இறங்கியது. "எங்க மொதலாளிக்கு ஒண்ணும் தெரியாது. சொல்லிட்டீங்கன்னா என் கதை முடிஞ்சிச்சு."

"ஒரு சைன்தாம்மா. நீ நல்லா வந்துட்டேன்னு சொல்ற ஃபாரம்தானே?"

"அந்த ஃபாரத்துல மேல என்னா எழுதியிருக்கு, சொல்லுங்க?"

இளங்குற்றவாளிகள் மறுவாழ்வுத் திட்டம். தடித்த எழுத்தில், முத்திரையோடு. ஆறு வருடமாக அந்தப் படிவத்தை நிரப்புகிறாள் டோரதி. ஒரு முதலாளி அதைக் கையில் வாங்கினால் முதலில் எதைப் படிப்பார் என்று ஒருநாளாவது யோசித்திருப்பாளா? வெட்கமாக இருந்தது. பதினேழு வயதில், வேலை பார்த்த நகைக்கடையில் ஒரு கைச்சங்கிலியை எடுத்துப் பிடிபட்டவள் காமினி. அதைப் படித்த பிறகு எந்தக் கடைக்காரர் அவளைக் கல்லாப்பக்கம் நிற்க விடுவார்?

உள்ளறையிலிருந்து கடை முதலாளி ஹுஸ்னா வந்தார். "என்னா குசுகுசுன்னு? ரெண்டு பேருக்கும் முன்னாடியே பழக்கமா?"

டோரதியின் கை பையிலிருந்த படிவத்தின் மேல் இருந்தது. அடுத்த வருட வகுப்புக்கு எட்டுப் பெயர்கள் ஏற்கெனவே வந்துவிட்டன. அதில் ஒருத்திக்குப் பதினைந்து வயது. எட்டுப் பேரா, ஒருத்தியா? எட்டுதான் பெரிது என்று கணக்கு சொல்லும். கணக்கு சொல்லிவிட்டுப் போகட்டும், எதிரே உட்கார்ந்து நடுங்குகிறவள் இவள்தானே.

"புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மா கோயில் திருவிழால பாத்திருக்கோம்" என்றாள். அன்னம்மாளே, மன்னித்துவிடு தாயே! அந்தத் தேவாலயத்தில் மெழுகுவர்த்தி ஏற்றாத இந்துக்கள் உண்டா, சீனர்கள் உண்டா? யாரும் சந்தேகப்பட முடியாத பொய்.

"ஆமாக்கா. மெழுகுவத்தி வாங்க சில்லறை இல்லாம முழிச்சிக்கிட்டு நின்னேன், மேடந்தான் குடுத்தாங்க" என்று காமினி கூசாமல் ஒட்டவைத்தாள். அடிப்பாவி, பொய்யில் மட்டும் கைப்பழக்கம் போகவில்லை!

ஹுஸ்னா சிரித்தார். "நல்ல புள்ளம்மா இவ. கடை சாவியவே குடுத்து வச்சிருக்கேன். எம் பொண்ணுகிட்டகூட நான் குடுத்ததில்ல."

அப்போதுதான் டோரதி கவனித்தாள். தன் கழுத்தில் அட்டை தொங்கிய அதே இடத்தில் காமினிக்குச் சாவி தொங்கியது. இதற்கு எந்தக் கட்டத்தில் குறியிடுவது? வேறு வழியில்லாமல் ஒரு பழுப்புச் சட்டக் கண்ணாடிக்குச் சொல்லிவைத்து, முன்பணம் கொடுத்து, கடையின் வாடிக்கையாளர் கார்டில் தன் போன் நம்பரும் எழுதிவிட்டு வெளியே வந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை ரமணி டோரதியின் மேசைக்கு வந்தாள். "என்னாச்சு?"

"கெடைக்கல."

"அப்ப கிளாஸ் போச்சு." ரமணி திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அந்த எட்டுப் பெயர்கள் இருந்த தாளை எடுத்துக் கோப்பின் அடியில் செருகிவிட்டுப் போனாள்.

டோரதிக்கு அழுகை முட்டியது. பேனாவை எடுத்து மூன்றாவது கட்டத்தில் குறியிட்டாள். போன் அடித்தது. தெரியாத நம்பர்.

"மேடம், கண்ணாடிக் கடையிலேருந்து பேசறேன். உங்க கண்ணாடி வந்துருச்சு."

"ம்."

"கார்டுல ஒரு எடம் காலியா இருக்கு. யார் மூலமா வந்தீங்கன்னு. ஸ்டாஃபுக்குத் தெரிஞ்சவங்கன்னு போடவா? பத்து பெர்சன்ட் கழிவு உண்டு."

டோரதிக்குச் சிரிப்பும் வந்தது. "போடும்மா."

"இது கடை நம்பர் இல்ல. கடை இன்னும் தொறக்கல" என்றாள் காமினி. "என் நம்பர்."

போனுக்குள் சாவி திரும்பும் சத்தம் கேட்டது. பிறகு இரும்புக் கதவு கடகடவென்று மேலே ஏறியது. அந்தச் சத்தம் ஓயும்வரை டோரதி போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. பிறகு அந்த நம்பரைச் சேமித்தாள். பெயர் கேட்ட இடத்தில் 'கண்ணாடி' என்று மட்டும் எழுதினாள். படிவத்தில் மை இன்னும் காயவில்லை.