ஜன்னலில் தெரிந்த ஆள்

1

அவள் ஓடினாள். வெறுங்காலோடு, சந்துச் சேற்றை வாரி இறைத்துக்கொண்டு, புகைப்படக்காரரின் வேனைத் துரத்தினாள்.

(முதலில், 'வானம் இருண்டு' என்று தொடங்கி— வேண்டாம். மில் மூடிய ஊரில் வானத்துக்கு மட்டும் எதற்கு வேலை?)

இந்தக் கதை ஒரு பிலிம் துண்டிலிருந்து பிறந்தது. அது என் கைக்கு வந்த விதத்தை இப்போதைக்கு மறைக்கிறேன். முப்பது வருஷம் தொடர்கதை எழுதிய பழக்கதோஷம்.

2

தொழில்கள் படுத்துப்போன மந்தகாலம். ஜனங்கள் படும் பாட்டைப் படமெடுத்து வர அரசாங்கம் அனுப்பிய ஆள் அவர். வேனை நிறுத்தினார்.

"என்னம்மா, பிள்ளைங்களோட நல்லாத்தானே நின்னே?"

"அந்தப் படத்தைப் போடாதீங்க சார். பின்னால ஜன்னல்ல என் வீட்டுக்காரர் நிக்கிறாரு."

"நிக்கட்டுமே."

"அவரு ஓடிப்போயிட்டாருன்னு எழுதிக் குடுத்துத்தான் மாவு வாங்கறேன்."

நிவாரண ஆபீஸ் சட்டம் அப்படி. உழைக்கும் வயதில் ஆண் இருக்கும் வீட்டுக்கு மாவு கிடையாது. உழைக்க வேலை இருக்கிறதா என்று சட்டம் கேட்கவில்லை.

"ஓடிப்போன மனுஷன் எதுக்கு எட்டிப் பாக்கணும்?"

"சொல்லிட்டுத்தான் வந்தேன், உள்ளயே உக்காருன்னு. படம்னதும் சட்டைய மாட்டி, தலை வேற சீவிட்டு வந்து நின்னா நான் என்ன பண்ண?"

அவர் சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பு நின்றது.

"அந்த முகம் இல்லேன்னா படமே இல்லம்மா."

"அந்த முகம் இருந்தா எங்களுக்கு மாவு இல்ல சார்."

இந்த இடத்தில் அவரை வில்லனாக்கப் பார்த்தேன். மீசைகூட வைத்தேன். ஒட்டவில்லை. நாலு மாதம் ஊர் ஊராக அலைந்தவருக்கு உருப்படியாகச் சிக்கிய ஒரே படம் இது: முன்னால் மூன்று பிள்ளைகளோடு அவள், பின்னால் சொந்த வீட்டிலேயே ஒளிந்திருக்கும் கணவன்.

[ஓரத்தை வெட்டிவிடலாமே என்கிறீர்களா? ஜன்னல் அவள் தோளுக்கு மேலே, நட்ட நடுவில்.]

3

முடிவு ஒன்று: படம் பத்திரிகையில் வருகிறது. நாடே உச்சுக்கொட்டுகிறது. நிவாரணம் கூடுகிறது, அவள் வீட்டுக்கு மட்டும் நின்றுபோகிறது.

முடிவு இரண்டு: பிலிம் சுருளை அப்படியே வெயிலில் உருவி— சினிமாத்தனம். அந்தச் சுருளில் இன்னும் எத்தனையோ வீடுகளின் பசி இருந்தது.

மூன்றாவது நடந்தது. அவரைப் படமெடுக்க அனுப்பிய இலாகாவில், வேண்டாத பிலிமை யாரும் அச்சிட்டுவிடாதபடி மேலதிகாரி ஒரு துளை போடுவார். எங்கே விழுகிறது என்று பார்க்கவும் மாட்டார். இந்தப் பிலிமில் துளை சரியாக ஜன்னலில், முகம் இருந்த இடத்தில். போட்டவர் புகைப்படக்காரரேதான். போட்டு, தபாலில் அவளுக்கே அனுப்பிவிட்டார்.

அந்த வருஷம் முழுக்க மாவு வந்தது. அடுத்த வருஷம், வேலை தேடிப் போன ஊரில், கணவன் காய்ச்சலில் போய்விட்டான். அவனுக்கு வேறு படம் எடுத்ததே இல்லை.

சரி, மறைத்ததைச் சொல்லிவிடுகிறேன். பிலிம் என் அம்மாவின் பெட்டியில் கிடைத்தது. படத்தில் அவள் இடுப்பில் இருக்கும் கைக்குழந்தை நான்.

ஜன்னலில் நிற்பவருக்கு ஒரு முகத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அதை மட்டும் என்னால் எழுத முடியவில்லை.